ஜீவனஹள்ளியிலும் ஈஜிபுராவிலும் யசோதா

யசோதா இறந்துபோன செய்தியை யசோதாவிடமே சொல்லும் பொறுப்பு அவள் மகள் சுனிதாவின் தலையில் விழுந்தது. ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி. ஈஜிபுராவில் சுனிதாவின் வீட்டில் யசோதா தரையில் உட்கார்ந்து பேத்தி வீணாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் ஊரின் இன்னொரு பக்கம் ஜீவனஹள்ளியில், மகன் உமேஷின் வீட்டில், ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்த யசோதா சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தவள் நிமிரவில்லை.

அவள் இரண்டு பேராக இருந்ததில் ஜீவனஹள்ளியில் யாருக்கும் வியப்பு இல்லை. முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம் அது. கணவன் சின்னப்பா மஞ்சள் காமாலையில் போனபின், காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து யசோதா இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். உமேஷுக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து ஆறு வயது சுனிதா பள்ளிக்கூடத்துப் படியில் உருண்டு கையை முறித்துக்கொண்டாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று ஆள் வந்து சொன்னான். யாரை விட்டு யாரிடம் போவது என்று யசோதா வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு போனாள், போகாமல் வீட்டிலும் இருந்தாள். உமேஷுக்கு இளநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்படியே பஸ் பிடித்துச் சுனிதாவைப் பார்க்கப் போன பக்கத்து வீட்டு பிரிஜெட், ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் யசோதாவைக் கண்டு கேட்டாள்.

“நீ வீட்ல இல்ல இருந்தே?”

“அங்கயும் இருக்கேன்,” என்றாள் யசோதா. “உமேஷு தூங்கிட்டானா?”

சுனிதாவுக்குக் கட்டுப் போட்டு அழைத்துவந்த சாயங்காலம், தெருக்குழாயடியில் இருவரும் சந்தித்து ஒருத்தியானார்கள். அதற்குப் பிறகு தேவைப்பட்டபோதெல்லாம் அப்படித்தான். பத்தாவது பரீட்சை, காய்ச்சல், உமேஷுக்கு ஓசூரில் முதல் வேலை, சுனிதாவின் பெண்பார்க்கும் நாள், எல்லாவற்றுக்கும் அவள் இருந்தாள். இரண்டிலும் அதே சிரிப்பு, அதே கோபம், இடது மணிக்கட்டில் பால் கொட்டிய அதே தழும்பு. எடை மட்டும்தான் வேறு. ஒருத்தியாக இருக்கும்போது அறுபத்திரண்டு கிலோ, இரண்டு பேராக இருக்கும்போது ஆளுக்கு முப்பத்தொன்று. கிளினிக் டாக்டர் மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று மெஷினை மாற்றினார், அதிலும் முப்பத்தொன்றுதான்.

சுனிதாவுக்கு ஒரு குறை இருந்தது. தன்னிடம் வருவது நிஜ அம்மா இல்லை, நிஜமானவள் அண்ணனிடம்தான் இருக்கிறாள் என்று அவள் நம்பினாள். பன்னிரண்டு வயதில் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

“எங்கிட்ட வர்றது நெஜமான நீதானா?”

“அதெல்லாம் நான் எங்கடி பாத்தேன்? சாப்பாடு ஆறுது, உக்காரு.”

பதில் கிடைக்காத அந்தக் கேள்வி, கல்யாணமாகி ஈஜிபுராவுக்கு வந்தபோதும் அவள் கூடவே வந்தது. வீணா ஏழாம் மாதத்திலேயே, ஒன்றேகால் கிலோ எடையோடு பிறந்தாள். அதே வாரம் உமேஷின் மனைவி ரமாவும் ஒரு பையனைப் பெற்று எழுந்திருக்க முடியாமல் படுத்தாள். யசோதா இரண்டு இடத்துக்கும் போனாள். இந்த முறை அவள் திரும்ப ஒன்றாகவில்லை. மாசங்கள் போயின, வருஷங்கள் போயின. ரத்தம் குறைந்துகொண்டே வருகிறது, பாதி ஆள்தான் இருக்கிறார் என்று டாக்டர் சொன்ன அன்று சுனிதா அழுதாள்.

“போம்மா. போய் ஒண்ணாயிடு. அண்ணன் வீட்டுலயே இரு, பரவால்ல.”

“பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா கதவு தெறக்க ஆளு வேணாமா?” என்றாள் யசோதா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பத்து வருஷம் கதவு திறந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை போனில் உமேஷ், “சுனி, அம்மா போயிட்டாங்க,” என்றான். பிறகு, “அங்க அம்மா இருக்காங்களா?” என்றான்.

“இருக்காங்கண்ணா.”

சுனிதா அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “அம்மா, அண்ணன் வீட்ல நீ போயிட்டியாம்.”

யசோதாவின் பல்லிடுக்கில் ரிப்பன் இருந்தது. பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள். “எப்போ?”

“இப்பதான்.”

“கஷ்டப்பட்டேனாமா?”

“இல்லம்மா. சாஞ்சியாம், அவ்ளோதான்.”

“உமேஷு ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டான். இட்லிய டப்பாவுல போடு.”

ஆட்டோவில் போய் இறங்கினார்கள். குளிப்பாட்டும்போது யசோதாவே தண்ணீர் ஊற்றினாள். காதுக்குப் பின்னால் நன்றாகத் தேய்க்கச் சொன்னாள். பிரிஜெட் பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்து, “யசோதா, காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ. இரு, காபி கொண்டாறேன்,” என்று எழுந்து போனாள். பிணத்தை எடுத்துக்கொண்டு போகும்போது யசோதா வாசல்வரை வந்து நின்றாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்த உமேஷ், அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்தான். முப்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை. அப்படியே தங்கையைப் பார்த்துச் சொன்னான்: “நெஜமான அம்மா உங்கிட்டதான் இருக்காங்கன்னு சின்ன வயசுலேர்ந்து நெனச்சிட்டிருந்தேன் சுனி. உன்மேல அவ்ளோ கோவம் எனக்கு.”

சுனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீடென்றும் பாராமல் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் தேம்பி அழுதாள்.

சுனிதாவோடு ஈஜிபுராவுக்குத் திரும்பவேண்டிய நாலாம் நாளும் உமேஷின் பையன் சோற்றைத் தொடவில்லை. யசோதா வாசலில் போய் நின்றாள். பழையபடி இரண்டாக வேண்டும் என்று அரைமணி நேரம் நின்றாள். முடியவில்லை. சுனிதா போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும்மா. இங்கயே இரு. எங்க வீட்டுக் கதவுக்கு வீணாகிட்ட சாவி குடுக்கறேன்.”

அம்மாவை அண்ணனுக்கு அவள் மனசாரக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

யசோதா யோசித்தாள். “பஸ்ஸுதான் ஓடுதே,” என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு இன்னொரு பிள்ளையிடம் போகக் கற்றுக்கொண்டாள். திங்கள் முதல் வியாழன்வரை ஜீவனஹள்ளி, மற்ற நாள் ஈஜிபுரா. இலவச டிக்கெட்டுக்கு ஆதாரைக் காட்டினாள். அந்த எண்ணுக்குரியவர் இறந்துவிட்டார் என்று அரசாங்கத்தில் பதிவாகியிருந்தது. கண்டக்டர் படத்தையும் முகத்தையும் ஒருமுறை ஒத்துப்பார்த்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஈஜிபுராவில் சுனிதாவின் மடியில் அவள் போய்ச்சேர்ந்தாள். இறப்புச் சான்றிதழ் வாங்கப் போன உமேஷிடம், இவருக்குத்தான் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே என்றார்கள். அதுவும் சரிதான் என்று அவன் திரும்பிவிட்டான். வருஷத்துக்கு இரண்டு திதி. ஜனவரியில் அண்ணன் வீட்டில், ஆகஸ்டில் தங்கை வீட்டில்.

அதற்கடுத்த ஆகஸ்டில் வீணா நீட்டிய லீவு லெட்டரைப் படித்துவிட்டு டீச்சர் கேட்டார்: “ஜனவரியிலயே பாட்டி திதின்னு லீவு போட்டியே?”

“அது மாமா வீட்ல இருந்த பாட்டி, மிஸ். இது எங்க வீட்ல இருந்த பாட்டி.”

“ரெண்டு பாட்டியா?”

“இல்ல மிஸ். ஒரே பாட்டிதான்.”

டீச்சர் கையெழுத்துப் போட்டு, நாளை மறுநாள் தமிழ்ப் பரீட்சை இருப்பதை ஞாபகப்படுத்தி அனுப்பினார்.