பிடி விட்ட புரதம்

ஆய்வாளர் எமோக்கேவுக்குத் தான் மாற்றியமைத்த புரதத்தின் மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. டிஎன்ஏயில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வேறோர் இடத்தில் ஒட்டுவது அசல் புரதத்தின் வேலை. வெட்டுவதற்கு முன் சரியான இடம் பார்த்து இறுகப் பிடிக்க வேண்டும். அதில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை அவள் மாற்றினாள். பிடி விட்டுப் போயிற்று. எதையும் எளிதில் விடத் தெரியாத தன் கையிலிருந்து இப்படி ஒன்று பிறந்ததே என்று தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

செகெட் நகரில் அவர்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். டிஎன்ஏயைக் கூழ்ப்பலகையில் ஓடவிட்டு எடுக்கும் ஜெல் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் குறுக்கு விசாரணை செய்யலாம். பதில் சொல்லாமல் சாப்பிடப் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை அவளுடைய ஆய்வுக் கட்டுரை பத்திரிகைக்குப் போகிறது. அவள் பெயர் முதலில் நிற்கப்போகும் முதல் கட்டுரை. அதன் உயிரே இன்று அவள் கதவில் ஒட்டிய படம்தான்.

பக்கத்து மேசைக்காரன் சோங்கோர், போகாச்சா ரொட்டியைக் கடித்தபடி வந்து நின்றான்.

"அசல் புரதம் டிஎன்ஏவப் புடிச்சு மேலயே நிறுத்திருக்கு. உன்னோடது கைய விட்டுடுச்சு, எல்லாம் சர்ருனு கீழ ஓடிடுச்சு. ரெண்டுலயும் புரதம் ஒரே அளவுதானடி?"

"என்னை யாருன்னு நெனச்ச? மாத்தினது ரொம்ப நீர்த்துப்போய்க் கெடச்சுது. அஞ்சு மடங்கு ஊத்தி ஈடுகட்டிட்டேன்."

"பெரிய ஆளுதான்! எதுல கரைஞ்சிருந்துச்சு?"

"வழக்கம்போல உப்புக் கரைசல்லதான், நல்லா கெட்டியா..."

அவள் நிறுத்தினாள். ஐந்து மடங்கு கரைசல் என்றால் ஐந்து மடங்கு உப்பு. உப்பு ஏறினால் எந்தப் புரதமும் டிஎன்ஏயை விட்டுவிடும்.

சோங்கோர் மெல்லுவதை நிறுத்தினான். "நான் ஒண்ணுமே கேக்கல தாயே. சாப்பிடப் போறேன்."

அவன் வெளியே சொல்ல மாட்டான். அவளும் சொல்லாமல் இருந்துவிடலாம். அந்த எண்ணம் வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே கூச்சமாக இருந்தது. கட்டுரையைவிட, தான் ஓராண்டாக ரசித்துவந்த அந்த நழுவல் பொய்யாகிவிடுமோ என்பதுதான் உறுத்தியது.

இரண்டு புரதங்களையும் உப்பைச் சமமாக்கி ஜெல்லில் மறுபடி ஓடவிட்டாள். உப்பு ஏற ஏற அசலும் பிடியை விட்டது. உப்பு குறைந்த இடத்தில் அவளுடையது அசலைப் போலவே கெட்டியாகப் பிடித்திருந்தது.

ஆய்வகத் தலைவி போக்லார்காவின் அறைக்கு நேராகப் போனாள்.

"வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாங்க. பிடிய விட வச்சது உப்பு. நான் மாத்தினது இல்ல."

போக்லார்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "செல்லுக்குள்ள உன் புரதம் ஒரு டிஎன்ஏ துண்டையும் எடம் மாத்தி வைக்கலையே, அதுவும் உப்புதானா?"

"இல்லீங்க, அது நெசம். சோங்கோரும் தனியா செஞ்சு பார்த்துட்டான்."

"அப்போ புடிக்குது, ஆனா வெட்டல."

"புடிச்சுட்டுச் சும்மா நிக்குது. ஏன்னு தெரியல."

"நான் சொல்ல வேண்டியதை எல்லாம் நீயே சொல்லிட்டே. கட்டுரைய நிறுத்திடறேன். கோவமாத்தான் இருக்கேன், சாயங்காலம் வரைக்கும் என் கண்ணுல படாத. போய் ஏன்னு பாரு."

வெளியே வந்ததும் அழுகை வரும் என்று தாழ்வாரத்தில் சற்று நின்று பார்த்தாள். வரவில்லை. கட்டுரை போனது வலித்தது. ஆனாலும் தன் மேசையை நோக்கி நடை தானாகவே வேகமெடுத்தது.