யார் வீட்டுப் பிசுக்கு

புது வீட்டின் சமையலறைச் சுவரில் அக்கா கை வைத்தாள். கையை எடுத்தபோது சுவரும் கொஞ்சம் கூடவே வந்தது. உற்றுப் பார்த்தால் அது சுவர் இல்லை, எண்ணெய்.

எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர் வீட்டிலேயே சிப்ஸ் பொரித்துக் கடைகளுக்குப் போட்டவர். அவர் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அவர் பொரித்த சிப்ஸ் ஒவ்வொன்றும் தன் ஞாபகார்த்தமாக ஒரு துளியைச் சுவரில் விட்டுப் போயிருந்தது. ஜன்னலுக்கு மேலே இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனை ஃபேன் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு தேன்கூட்டுக்கு யாரோ கரண்ட் கொடுத்து வைத்ததுபோல் இருந்தது.

"டேய், எதையும் தொடாதே," என்றாள் அக்கா.

வீட்டு வேலையில் நான் எதையும் தொடுகிற ஆள் இல்லை. ஆனால் இதுவரை யாரும் என்னிடம் அதை வேண்டிக் கேட்டுக்கொண்டதில்லை. அதனால் காரணம் கேட்டேன்.

"ஒரு தடவை நாம துடைச்சிட்டோம்னு வை, அதோட இந்த அழுக்கு நம்ம அழுக்காயிடும். நாளைக்குக் குழாய் ஒழுகினாலும் நம்ம தலையிலதான் விடியும். வீட்டைச் சுத்தமா குடுக்கிறது ஓனர் வேலை. அவரே வந்து துடைக்கட்டும்."

ஓனர் மாடியில் குடியிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கூப்பிட்டதும் இறங்கி வந்தார். சுவரைப் பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் குடுத்தது வீடும்மா. அழுக்கை நான் குடுக்கல. குடுக்காத பொருளை நான் எப்படித் திருப்பி எடுத்துக்க முடியும்?"

"அப்போ இது யாரோட அழுக்கு சார்?"

"போனவரோடது."

"அவர்தான் போயிட்டாரே!"

"அதான் வந்தவங்க நீங்க இருக்கீங்களே."

நிரூபித்தாகிவிட்டது என்கிற திருப்தியோடு மாடிக்குப் போய்விட்டார்.

அக்காவின் கவலை வெறும் கௌரவக் கவலை இல்லை. அவள் கேக் செய்கிறவள். முக்குக் காபிக் கடைக்காரர் தினமும் அவளிடமே கேக் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சமையலறையை உணவு அதிகாரி வந்து பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. அதிகாரி திங்கட்கிழமை காலை வருகிறார். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனால் மறுபடி எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. அதற்குள் காபிக் கடைக்கு வேறு யாராவது கேக் கொடுக்க ஆரம்பித்திருப்பார்கள். நாங்கள் குடிவந்தது சனிக்கிழமை.

ஞாயிறு காலை வரை ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. அட்டைப் பெட்டியை மேஜையாக்கி, ஹாலில் நின்றபடியே ரொட்டி தின்றோம். நாங்கள் ஆரம்பித்துவிட்டோமா என்று பார்க்க ஓனர் அடிக்கடி இறங்கி வந்தார். தப்பித்தவறி எதன் மேலும் பட்டுவிடக்கூடாது என்று கைகளை முதுகிலேயே வைத்திருந்தார். அவர் ஆரம்பிப்பாரா என்று பார்க்க நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். வெளியிலிருந்து பார்த்தவர்கள் யாருக்கோ மௌன அஞ்சலி என்று நினைத்திருப்பார்கள்.

எனக்குக் கால் வலித்தது. "அந்த சிப்ஸ்காரரையே போய்ப் பிடிச்சா என்ன?" என்றேன்.

"அதைத்தானே நான் அப்பலேர்ந்து சொல்றேன்!" என்றாள் அக்கா. அவள் சொல்லவே இல்லை.

"நியாயம்!" என்றார் ஓனர். இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் மூன்றாவது ஆளைத் திட்டுவது. நல்ல உறவுகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

ஓனர் சிப்ஸ்காரருக்குப் போன் போட்டார். வீட்டில்தான் இருக்கிறாராம், வரச் சொன்னாராம். வழியையும் கேட்டுக்கொண்டு, தன் காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார். முன்சீட்டில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு வசனத்தை ஒத்திகை பார்த்தாள். "மனுஷன்னா ஒரு மனசாட்சி வேண்டாமா... இல்ல, அது அப்புறம். முதல்ல ஃபேன்."

பின்சீட்டில் நான் வேடிக்கை பார்த்தேன். ஒரு தையல் கடை வந்தது. தெரிந்த தையல் கடை. அதற்கடுத்து ஒரு நாய் எழுந்து என்னைப் பார்த்துக் குரைத்தது. அந்தத் தெருவில் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்துக் குரைக்கிற நாய் அது. கார் பச்சை கேட் முன்னால் நின்றது. போன வாரம் வரை அந்தக் கேட்டைத் தாழ்ப்பாள் போட்டு மூடியது நான்.

அக்கா கண்ணைத் திறந்தாள். வசனம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. புரோக்கர் ஊரெல்லாம் அலைந்து எங்களுக்கு வீடு பிடித்ததாகச் சொல்லியிருந்தார். அவர் அலையவே இல்லை. இரண்டு சாவிகளை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"நாம யாருன்னு சொல்லாதே," என்று அக்கா என் காதில் கிசுகிசுத்தாள்.

சிப்ஸ்காரர் கையில் கம்பி நாரோடு கதவைத் திறந்தார். முழங்கை வரை கறுப்பு. "வாங்க சார், வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த அநியாயத்தை நீங்களே பாருங்க."

சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அடுப்பு மூலையில் காய்ச்சிய சர்க்கரை சுவரோடு சுவராக இறுகிக் கிடந்தது. "சுரண்டினேன் சார், கத்தி வளைஞ்சுபோச்சு. அது கிடக்கட்டும், மேல பாருங்க. சீலிங்ல சாக்லேட்! தரையில சிந்தும், சுவத்துல தெறிக்கும், ஒத்துக்கறேன். சீலிங்குக்கு எப்படி சார் போகும்?"

மிக்ஸிக்கு மூடி போடாவிட்டால் போகும். ஆனால் அவர் கேட்டது என்னை இல்லை.

"எந்த மாதிரி ஜனங்களோ! கேக் செய்யறவங்களாம்," என்றார்.

"அட, இவங்களும் கேக்குதான் செய்யறாங்க," என்று ஓனர் வெள்ளந்தியாக எங்களை அறிமுகப்படுத்தினார். சொல்லி முடிப்பதற்குள் கணக்கு வாத்தியாருக்கே கூட்டல் விளங்கிவிட்டது. சிப்ஸ்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா சீலிங்கைப் பார்த்தாள்.

"தங்கச்சி... உங்க கைவண்ணமா?"

"உங்க ஃபேனைப் பாத்தேண்ணா," என்றாள் அக்கா.

சிப்ஸ்காரர் கம்பி நாரைக் கீழே வைத்தார். "அது வருஷக்கணக்கான உழைப்பும்மா," என்றார் மெதுவாக.

"புதுசா வர்றவங்க பாத்துக்குவாங்கன்னு நினைச்சேண்ணா."

"சத்தியமா நானும் அதைத்தான் நினைச்சேன்."

"அப்போ எல்லாரும் என் கட்சிதான்!" என்று ஓனர் பூரித்துப்போனார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அக்கா துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகினாள். "இதைச் சுரண்டினா போகாதுண்ணா. வெந்நீர்ல துணியை நனைச்சு ஒட்டி வைக்கணும், தானா இளகும்." ஒட்டினாள். இளகியது. கூட்டல் போட்டுக் கண்டுபிடித்த அழுக்கைக் கழிப்பதற்கு, ஸ்டூல் மேல் ஏற்றப்பட்டவன் நான். சாக்லேட் வாசனை அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் சிப்ஸ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் எண்ணெயைத் தானே வரவேற்றார். ஃபேனைக் கழற்றி ஊறவைத்து, சுவரைத் தேய்த்து, "இது அந்த மழைக்காலத்துல பிடிச்சது" என்று ஒவ்வொரு திட்டையும் பழைய சிநேகிதனைப் போல் அனுப்பி வைத்தார். அக்கா கழுவிவிட்டாள். ஓனர் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று உழைத்தார். சாயங்காலம் சுவரின் நிறம் தெரிந்தது. மஞ்சள் என்று எல்லோரும் நம்பியிருந்தோம், வெள்ளை.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். சிரிக்காத அம்மா. வெள்ளைக் கையுறையோடு சுவரைத் தடவினார், ஃபேனைத் தடவினார், ஃப்ரிட்ஜ் மேலே தடவினார். கையுறை வெள்ளையாகவே இருந்தது.

அப்போது, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஓனர் பெருமை தாங்காமல் உள்ளே வந்தார். "நம்ம வீடு எப்பவுமே இப்படித்தான் மேடம்!" வாசலிலிருந்து அடுப்பு வரை அவருடைய செருப்பு சேற்றில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தது.

அதிகாரி தரையைப் பார்த்தார். "இது யாரோடது?"

அக்கா வாயைத் திறந்தாள். அவள் சித்தாந்தம் முழுக்க அந்த வாயில் தயாராக இருந்தது. ஓனரும் தன்னுடையதோடு தயாராகத்தான் இருந்தார். காபிக் கடை ஞாபகம் வந்திருக்க வேண்டும், அக்கா வாயை மூடிக்கொண்டு தரைத்துணிக்குக் கை நீட்டினாள்.

ஓனர் தன் செருப்பைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார். அளவு பொருந்தியது. அதற்கு மேல் வாதாட அந்த மனிதரின் கணக்கு அறிவு இடம் கொடுக்கவில்லை.

"குடும்மா, கால் என்னோடது," என்று துணியை வாங்கி, செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார்.

அதிகாரி கையுறையைக் கழற்றினார். "சரிம்மா, உங்களுக்கு அனுமதி குடுத்துடறேன். நாளையிலேர்ந்தே கேக் அனுப்பலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இவர் இங்க வேலை செய்யறவரா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம், ஹவுஸ் ஓனர்."

அந்த அம்மா, வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்தபடி துடைத்துக்கொண்டிருக்கும் அந்த மனிதரையே பார்த்தார்.

"நான் குடியிருக்கிற வீட்டு ஓனர்கிட்ட," என்றார் கடைசியில், "இவரை ஒரு தடவை பேசச் சொல்ல முடியுமாம்மா?"