பச்சைக்கு விழுந்த இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

செயலி எழுதும் குழுவில் அவளுக்கு வைத்த பெயர் கட்டம். எதைக் கேட்டாலும் ஒரு தாளை எடுத்துக் கோடு கிழித்துக் கட்டம் போட்ட பிறகுதான் வாயைத் திறப்பாள் என்பதால் அந்தப் பெயர். டீயா காப்பியா என்று கேட்டதற்கு நான்கு கட்டம் போட்டாள் என்று அவள் நண்பன் பின்கட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அது பொய். மூன்று கட்டம்தான்.

பின்கட்டு அவளோடு படித்தவன். 'இருப்பு' என்ற செயலியில் திரைக்குப் பின்னால் சர்வரில் நடக்கும் வேலையெல்லாம் அவன் பொறுப்பு, அதனால் அந்தப் பெயர். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அவள் பொறுப்பு. கிடங்குக்கு என்ன சரக்கு வந்தது, எது போனது, எந்த ரேக்கில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் செயலி அது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பிரித்துப் பார்த்தவர்கள் நிறைய. தினமும் பயன்படுத்தியது ஒரே ஒரு கிடங்கு. பம்ப் உதிரிபாகம் விற்கும் அவளுடைய அக்காவின் கிடங்கு.

பழைய திரையைத் தாங்கிக்கொண்டிருந்த ஃபிரேம்வொர்க்கை, அதை உருவாக்கியவர்களே கைகழுவிவிட்டார்கள். வீட்டுக்குத் தூணும் உத்தரமும் எப்படியோ, திரைக்கு ஃபிரேம்வொர்க் அப்படி. புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாத் திரைகளையும் அதில் திரும்ப எழுத வேண்டும். ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் என்று மூன்றை வைத்துக்கொண்டு ஏழு மாதமாக அல்லாடினாள். முப்பத்தோரு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று தயாரானது. கூட்டிப் பார்த்தால் மூன்றும் அரை மதிப்பெண் வித்தியாசத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 'நான் போட்ட மதிப்பெண்ணே தப்போ?' என்று சந்தேகம் வரும். முப்பத்திரண்டாவது பத்தியைச் சேர்க்கலாமா என்று யோசிப்பாள்.

போன சனிக்கிழமை அக்காவின் பொறுமை தீர்ந்தது. இழுப்பறையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத நோட்டு.

"அடுத்த சனிக்கிழமை பதினோரு மணி வரைக்கும் பாப்பேன். எதுன்னு மட்டும் சொல்லிடு, எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கேன். சொல்லலைன்னா இந்த உறையைப் பிரிச்சுடுவேன். நோட்டு உன் திரை மாதிரி பாதியில சுத்திக்கிட்டு நிக்காது பாரு."

"அக்கா, அவசரப்பட்டு எடுத்தா பின்னாடி..."

"ஏழு மாசத்துல ஒரு குழந்தைக்குப் பல்லே முளைச்சுடும்டி."

அக்கா நோட்டுக்குப் போய்விட்டால் செயலிக்கு ஆளே இல்லை. ஆளில்லாத செயலிக்காகப் பின்கட்டு தன் ஞாயிற்றுக்கிழமைகளை எத்தனை நாள் தாரை வார்ப்பான்? அவளேகூட எத்தனை நாள்?

ஆகவே ஒரு சோதனை வைத்தாள். சரக்கு வரவு எழுதும் திரையை மூன்று ஃபிரேம்வொர்க்கிலும் தனித்தனியாக எழுதினாள். பெயர் தெரிந்தால் ஆளாளுக்குக் கட்சி கட்டுவார்கள் என்று நீலம், பச்சை, சிவப்பு என்று மட்டும் குறித்தாள். எந்த நிறம் எது என்பது அவள் பர்ஸில் மடித்து வைத்த சீட்டில் இருந்தது. கிடங்கு வாசலில் உள்ள டேப்லட்டில் மூன்றையும் ஏற்றினாள். கடைசியில், எது பிடித்தது என்று ஓட்டுப் போட ஒரு நாலாவது பக்கம் வேண்டுமே என்பது திங்கட்கிழமை கிளம்பும்போதுதான் உறைத்தது. அங்கேயே ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் எழுதிப் போட்டாள். கருத்து எழுத ஒரு பெரிய பெட்டி, அதற்குக் கீழே மூன்று நிறத்தில் மூன்று பெரிய பட்டன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே கிடங்குக்கு வந்துவிட்டாள். ஓட்டு எண்ணிக்கையைத் திறந்தாள். நீலம் பூஜ்யம். சிவப்பு பூஜ்யம். பச்சை இருநூற்றுப் பன்னிரண்டு.

ஏழு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு குளிர்ந்தது. அரை மதிப்பெண் தகராறு இல்லை, ஒருமனதான தீர்ப்பு. அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிடம் இருந்திருக்கும். கிடங்கில் வேலை செய்பவர்கள் மூன்று பேர். மூன்று பேர் ஐந்து நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டுப் போடுவானேன்?

கருத்துகளைத் திறந்தாள்.

'வாஷர் பெரிசு நாப்பது. ரேக் மூணு.'

'ரப்பர் வளையம் ரெண்டு பெட்டி. ஒரு பெட்டி நசுங்கி இருக்கு.'

'வால்வு வரல. நாளைக்கு வருமாம்.'

இருநூற்றுப் பன்னிரண்டும் இதே ரகம். புதன்கிழமையிலிருந்து ஒவ்வொன்றின் முன்னாலும் தேதியும் நேரமும் வேறு இருந்தன. தேதி வரும்படி எழுதியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. எழுதியிருப்பேனோ, எழுதிவிட்டு மறந்திருப்பேனோ என்று குழம்பினாள்.

ஸ்டோர்கீப்பர் கையுறையோடு ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது ஓட்டுப் போடுற பக்கம். சரக்கு எழுத நீலம், பச்சை, சிவப்புன்னு மூணு திரை குடுத்தேனே?"

"குடுத்தே தங்கச்சி. ஒவ்வொண்ணுலயும் பதினோரு கட்டம். ஒண்ணை விட்டாலும் செவப்பா கத்துது. கையுறையைக் கழட்டி, மாட்டி, கழட்டி... இதுல ஒரே பெட்டி. மைக்குல வாயால சொல்லிட்டு, கையுறையோடவே பட்டனை அமுக்கினா வேலை முடிஞ்சுது."

"அப்ப பச்சையை ஏன் அமுக்கினீங்க?"

"நடுவுல இருக்குல்ல. கட்டைவிரல் அங்கதான் போகுது."

அவள் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமை உட்கார்ந்த அதே பெட்டி. தரவு என்று கையில் ஒன்றும் இல்லை. மணி பத்தேகால்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பின்கட்டு வந்தான். அக்காவின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். நோட்டு மேசையின் நடுவில், ஏதோ நடுவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவள் அட்டவணையை விரித்தாள்.

பின்கட்டு அதன்மேல் குனிந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை படித்தான். "எல்லாம் இருக்கு. வேகம், அளவு, ஆவணம், எத்தனை பேருக்குத் தெரியும், பத்து வருஷம் கழிச்சு இருக்குமான்னுகூட இருக்கு. முடிவுன்னு ஒரு பத்தியைக் காணோமே, கட்டம்?"

அக்கா சத்தமில்லாமல் சிரித்தாள். கட்டம் தன் சோதனை சொதப்பிய கதையைச் சொன்னாள். ஒரே பெட்டி, கையுறை, கட்டைவிரல், எல்லாவற்றையும்.

"அதனால இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அவங்களுக்குப் பிடிச்சது பெட்டி. அதுக்கு அடியில என்ன ஃபிரேம்வொர்க் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது, தெரியணும்னும் இல்ல. மூணுலயும் பதினோரு கட்டம் வெச்சது என் தப்பு."

"பேர் ராசி," என்றான் பின்கட்டு. "சரி, அந்த ஓட்டுப் பக்கத்தை எதுல எழுதின?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. லேப்டாப்பைத் திறந்து கோப்பைப் பார்த்தாள். பிறகு பர்ஸிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்து ஒப்பிட்டாள்.

"சிவப்பு."

"உன் அட்டவணையில சிவப்பு எங்க இருக்கு?"

"மூணாவது. அரை மதிப்பெண் கம்மி."

"திங்கட்கிழமை அட்டவணையைப் பாத்தியா?"

"நேரம் இல்ல. கை பாட்டுக்கு எழுதிடுச்சு."

பின்கட்டு நாற்காலியில் சாய்ந்தான். "புதன்கிழமை ஸ்டோர்கீப்பர் எனக்கு போன் பண்ணார். தேதி வந்தா நல்லா இருக்கும்னார். உன்கிட்டச் சொன்னா நீ தேதிக்கு எத்தனை பத்தி போடுவியோன்னு நானே உன் கோப்பைத் திறந்தேன். திரைப் பக்கம் என் வாழ்நாள்ல நான் ஒரு வரி எழுதினதில்ல. எந்த இடத்துல சேர்க்கணும்னு படிச்சதுமே தெரிஞ்சுது. பத்து நிமிஷம்."

"நீயா? நான்தான் எழுதி மறந்துட்டேன்னு நினைச்சேன்."

"உன் மேல உனக்கு இருக்கிற நம்பிக்கை புல்லரிக்க வைக்குது."

அவள் சிரிக்கவில்லை. அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்ட செயலி. இத்தனை நாளில் வேறொருவர் அவளைக் கேட்காமல் திறந்து திருத்தியது புதன்கிழமைதான். மற்றவர் எளிதில் திருத்த முடியுமா என்பதற்கு முப்பத்தோரு பத்தியில் ஒன்றுகூட இல்லை.

"ஒரே ஒரு பக்கம்தானே, பின்கட்டு. பெரிசா எழுதும்போது இதே மாதிரி இருக்கும்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்ல."

அந்த மாதிரி பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தொட இரண்டு நிமிடம் இருந்தது. அக்கா நோட்டை எடுத்து, உறையின் ஒட்டிய விளிம்பில் நகத்தை வைத்தாள். கண்ணை மட்டும் தங்கைமேல் வைத்திருந்தாள்.

"சிவப்பு," என்றாள் அவள். "சிவப்புதான். முதல்ல அந்த ஒரே பெட்டித் திரையை எழுதறேன். மத்த பத்துக் கட்டமும் கேட்டா வரும், கேக்கலைன்னா வராது."

"சிவப்புன்னா எதுடி?"

அவள் ஃபிரேம்வொர்க்கின் பெயரைச் சொன்னாள். அதற்குள் அக்கா வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, வால்வு வந்துவிட்டதா என்று ஸ்டோர்கீப்பரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் ஒரே குறும்பு.

"ஆனா பச்சைக்குத்தானே இருநூத்துப் பன்னெண்டு ஓட்டு? தேர்தல்ல நீ தில்லுமுல்லு பண்ணிட்டன்னு நான் வெளிய சொல்லலாமா?"

"சொல்லிக்கோ."

அக்கா நோட்டை இழுப்பறையில் திரும்பப் போட்டாள். உறை பிரியவில்லை, ஒரு மூலையில் மட்டும் நகம் பட்டுக் கிழிந்திருந்தது. இழுப்பறையைப் பூட்டவும் இல்லை.

அவள் அட்டவணையின் கடைசியில் ஒரு கோடு கிழித்து, 'முடிவு' என்று தலைப்பு எழுதினாள். 'சிவப்பு' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்திலேயே பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பின்கட்டு மேசையில் கிடந்த அழிரப்பரை எடுத்து அவள் பக்கம் உருட்டிவிட்டான்.