வாலு தானாக ஓடாது

குழிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்: மண்வெட்டியோடு அவன், கையைக் கட்டிக்கொண்டு அவன் மனைவி, செல்போனை நோண்டிக்கொண்டு மச்சினன், மாடி ஜன்னலில் வீட்டுக்காரர். அப்புறம், கோணியில் சுற்றிய வாலு. ஒரு வயது நிரம்பாத நாய்.

"ஆழமா தோண்டுப்பா, நாத்தம் மேல வரப்போகுது" என்றார் வீட்டுக்காரர். கொல்லையில் புதைக்கவிட்டதே பெரிய தர்மம் என்கிற நினைப்பு அவருக்கு.

அவன் இன்னும் ஒரு வெட்டு ஆழமாக வெட்டினான். இரவு வேலை முடிந்து கம்பெனி வேனில் வந்து இறங்கியபோதே வாசலில் கோணி கிடந்தது. பால் வாங்கக் கேட்டைத் திறந்தேன், ஓடிப்போய் லாரியில் அடிபட்டுவிட்டது என்றாள் மனைவி. வாய்க்கு வந்தபடி ஏசினான். வாங்கிக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கதை அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நாள் முழுக்கக் கேட் திறந்து கிடந்தாலும் வாலு வாசலைத் தாண்டாது. காலையில் தெருமுனையில் பைக்கை நிறுத்தி, நீளமாக ஒரு ஹாரன், குட்டையாக ஒன்று அவன் அடித்தால்தான் பாய்ந்து வரும். பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து துரை மாதிரி வீடு திரும்பும். பைக்கை நேற்றுதான் மச்சினன் இரவல் வாங்கிப் போயிருந்தான்.

குழியை மூடியதும் மச்சினன் அவன் தோளைத் தொட்டான்.

"விடுங்க மாமா, நாய்தானே. இதைவிட நல்ல ஜாதியா ஒண்ணு பாத்துத் தர்றேன்."

"முதல்ல உனக்கு ஒரு வேலையைப் பாரு."

மச்சினனுக்குச் சுருக்கென்றது. "நல்லதுக்குச் சொன்னா என்னையே குத்துங்க. உங்க நாய்க்கு மூளையே இல்ல மாமா. அவ்வளவு வேகமா ஓடி வந்துட்டு, என் மூஞ்சியைப் பாத்ததும் நடுரோட்டுல அப்படியே நின்னுடுச்சு."

நுணல் தன் வாயால் கெட்டது.

"ஹாரன் அடிச்சியா?"

"சும்மா விளையாட்டுக்குத்தான். ஏமாறுதான்னு பாத்தேன்."

மாடி ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது. அவன் மனைவி பக்கம் திரும்பினான்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்க."

"நான்னு சொன்னா நாலு நாள்ல மறந்துடுவீங்க. அவன்னு சொன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவீங்க."

உண்மைதான். உண்மையாக இருந்தது இன்னும் கசந்தது. லாரி வருவதைக்கூடப் பார்க்காமல் அந்தச் சனியன் நடுரோட்டில் நின்று தேடியது அவனைத்தான்.

கையை நீட்டினான். மச்சினன் பைக் சாவியை வைத்துவிட்டு, ஊருக்குக் கிளம்பப் பையைத் தூக்கினான்.

"பஸ் ஏத்திவிட்டு வந்துடறேன்" என்று மனைவி வாசலில் செருப்பை மாட்டினாள். "சாப்பாடு மூடி வச்சிருக்கேன். போட்டுக்கங்க."

அவன் ஒதுங்கி வழிவிட்டான். அவள் கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினான்.