பத்திலிருந்து ஆறு வரை

என் வீட்டுக்காரர் வசந்தகுமாருக்குத் தாளில் அச்சடித்தது எல்லாம் வேதவாக்கு. இருங்காட்டுக்கோட்டையில் கார் கதவுக்குத் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் ஒன்பது வருடமாக வேலை. மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கும் தாளில் உள்ளபடிதான் கை அசைய வேண்டும். சொந்தப் புத்தியைக் காட்டினால் மெமோ. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இந்த முறை பர்மனென்ட் லிஸ்டில் அவர் பெயர் வந்தது. சனிக்கிழமைக்குள் ஃபிட்னஸ் லெட்டர் கொடுக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் டாக்டர் ஸுப்ரஜாவிடம் போனோம். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார் என்று பார்த்தால், இந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "தூங்கி எழுந்தா தலை சுத்துது மேடம், ஒரு நாள் வுழுந்தே பூட்டேன்" என்று உளறிவிட்டார். வந்த கோபத்தில் அவர் காலை மிதித்தேன்.

"தூங்கும்போது பிரஷர் இறங்கும். ஆனா மூளைக்கு வேணுங்கற ரத்தம் போயிட்டே இருக்கணும். நரம்புதான் ரத்தக்குழாயைச் சுருக்கி விரிச்சு அதைப் பார்த்துக்கும்" என்றார் டாக்டர்.

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஆள் தூங்கும்போது உள்ளே யார் விழித்திருந்து குழாயைத் திருகுவது?

அந்த ரத்த ஓட்டத்தைப் பதிவு செய்ய நெற்றியில் ஒட்டும் பட்டை ஒன்றும், உபயோகிக்கும் விதம் அச்சடித்த தாள் ஒன்றும் டாக்டர் கொடுத்தார்.

புதன்கிழமை ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறியது. "ஆழ்ந்து தூங்கினா கோடு மெதுவா அலை அலையா வரும். இதுல ஒரே முள்ளு முள்ளா இருக்கே. தூங்கினீங்களா இல்லையா?"

"எங்க மேடம் தூங்கறது? நைட் ஷிஃப்ட் ஆச்சே."

"அப்போ பட்டை?"

"ஹெல்மெட்டுக்குள்ள ஒட்டிகினுதான் வேலை செஞ்சேன். ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் போடணும்னு தாள்ல போட்டுகீதே!"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தூக்கத்துக்குக் குடுத்தத வேலைக்கு மாட்டிகினு போவாங்களா? இன்னாங்க நீங்க!" என்று அங்கேயே பொரிந்து தள்ளினேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நானே பட்டையை ஒட்டிப் படுக்க வைத்தேன். ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். மதியம் ஒரு மணி வரை அவர் விட்ட குறட்டை தெருமுனை வரை கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதுல எது வேலை, எது தூக்கம், சொல்லுங்க?"

இரண்டிலும் ஒரே மாதிரி முள்.

"குறட்டை வுட்டாரே மேடம்! என் காதால கேட்டனே!"

"கண்ணு மூடியிருக்கு. நரம்பு அடங்கவே இல்லை."

எனக்குக் குழப்பம் தலைக்கு மேல் ஏறியது. அப்போது டாக்டர் ஒரு தாளைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார். "இதோ, இங்கே அலை வந்திருக்கு. ஒரு நாலு நிமிஷம் நல்லாத் தூங்கியிருக்கார்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுடுங்க மேடம், நாளைக்கே குடுக்கணும்" என்றேன்.

டாக்டர் மேலே அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்தார். "விடிகாலை நாலு பத்து" என்றார். குரல் இறங்கிவிட்டது. அது முதல் ரிப்போர்ட், நைட் ஷிஃப்ட்டில் எடுத்தது.

"டீ பிரேக்காங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அது மூணரைக்கே முடிஞ்சிடும். லைன் ஓடிகினு இருந்துது." அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிமிஷத்துக்கு மூணு பீஸ். அன்னைக்கு ஒண்ணுகூட ரிஜெக்ட் இல்ல."

அப்படியானால் அந்தத் தூக்கத்தில் பன்னிரண்டு முறை கை பிரஸ்ஸுக்குள் போய் வந்திருக்கிறது.

டாக்டர் லெட்டர் பேடை எடுத்துப் பேனாவைத் திறந்தார். என்ன எழுதட்டும் என்பது போல எங்களைப் பார்த்தார்.

வீட்டுக்காரருடைய இரண்டு கைகளையும் இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஃபிட்னு எழுதாதீங்க மேடம்" என்றேன்.