செல்லசாமி சட்டையைக் கழற்றிய நாள்

முனியாண்டி சூலத்தில் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தால் டயகம தேயிலைக் காட்டு அட்டைகள் என் இரத்தத்தை உறிஞ்சிச் சக்கையாக்கிவிட்டுப் போகட்டும்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஆர்த்திகா வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மார்பில் வரும் புற்றுநோய் பரம்பரையாகத் தொடருமா என்று இரத்தத்தில் பார்க்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், ஒரு குடும்பத்தில் முதலில் ஒருவருக்குத்தான் என்றார். என் இரண்டு அக்காமாரும் அந்த நோயில் நாற்பதைக் காணாமலே செத்தவர்கள். அடுத்தது என் மகள் நிலக்ஷியோ என்று என் மனைவி காளியாயிக்குத் தூக்கம் போய்விட்டது. எங்களை இழுத்துக்கொண்டு போனாள். கொழுந்து எடுத்த பெண்கள் கூடையோடு பின்னால் வந்தார்கள்.

"இந்தப் புள்ளைக்கே எடுத்துருங்க டாக்டரம்மா," என்றாள் காளியாயி.

"பொறுங்கோ அம்மா. இந்தப் புற்றுநோய் வருத்தம் வந்த ஆள் உயிரோட இருந்தா அவரிலதான் துவங்கோணும். அவரின்ர ரத்தத்தில என்ன பிழையெண்டு தெரிஞ்சாத்தான் பிள்ளையில எதைத் தேடுறதெண்டு விளங்கும். ஆருக்காவது இப்ப கட்டி இருக்கோ?"

"ஒருத்திக்கும் இல்லீங்க. நாத்தனாருங்க ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க."

நிலக்ஷி என் சட்டையையே பார்த்தாள். "அப்பா, தேயிலைச் செடி வெட்டுறப்ப கவ்வாத்துக் கத்திப் பிடி இடிச்சு நெஞ்சுல வீங்கிருச்சுன்னீங்களே. வருசம் ஒன்னாச்சு. வத்திருச்சா?"

"செல்லசாமி, சட்டையைக் கழற்றுங்கோ," என்றார் டாக்டர். தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆம்பிளையளுக்கும் இது வரும்," என்றார்.

கூடைகள் தாமாகவே தரையில் குந்தின. கால்களில் ஒட்டியிருந்த அட்டைகள் வாய் பிளந்து உதிர்ந்தன. பொல்பிட்டியவில் மின்சார எந்திரங்கள் சுற்றுவதை விட்டன. வட்டவளை ஏற்றத்தில் ரயில் அப்படியே நின்றது. காளியாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். எனக்குப் பயம் வந்தது அதில்தான்.

கேட்டாள்: "பொம்பளைக்கு வர்றத நீ ஏன்யா வாங்கி வச்சிருக்க?"

"கேட்டா வாங்குனேன்?"

தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து ஜன்னலில் தலையை நீட்டினார். "ஆம்பளைக்கு மார்ல சோதனையா? தோட்டத்து மானம் என்னத்துக்காகுறது?"

"மானத்துக்கு ரத்தம் எடுக்கல மாமா," என்றாள் நிலக்ஷி. "அப்பாவுக்குத்தான் எடுக்குறாங்க."

கண்டியில் கட்டியை அறுத்தார்கள். அதேதான். என் இரத்தம் கப்பல் ஏறாமல் விமானத்திலேயே போய் வந்தது, அதில் அந்தப் பரம்பரைப் பிழை இருந்தது. இனி எதைத் தேடுவதென்று தெரிந்ததால் நிலக்ஷிக்கும் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று காளியாயி உறையைத் திறக்கவிடாமல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எழுப்ப நான்கு பேர் வேண்டியிருந்தது.

நிலக்ஷிக்கு இல்லை.

வட்டவளையில் நின்ற ரயில் அன்றைக்குத்தான் புறப்பட்டது.

டயகம அட்டைகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்: நான் கல்யாணம் செய்துகொண்டதே இல்லை.