வராதவர்கள் பட்டியல்

“நாளைக்கு நீ கல்யாணம் ஆகிப் போயிட்டா இதை யாரும்மா பாப்பாங்க?” என்று டாக்டர் சக்கரபாணி கேட்டபோது, சந்திரகலா எழுதிய புரோகிராமின் அச்சுத்தாள் அவர் மேசையிலிருந்து மடிப்பு மடிப்பாகத் தரையில் இறங்கிக் கிடந்தது. மூவாயிரத்துச் சொச்சம் வரி. எல்லாம் ஒரே ஃபைல். எந்த வரி எங்கே இருக்கிறது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

செங்கம் சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய காசநோய் மருந்தகம் அது. எண்பத்தாறில் கம்ப்யூட்டர் வந்ததும், சென்னையில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்திருந்த சந்திரகலாவை வேலைக்கு எடுத்தார்கள். மருந்து வாங்க வராதவர்கள் யார் யார் என்று திங்கட்கிழமைதோறும் கம்ப்யூட்டர் பட்டியல் அச்சடிக்கும். ஊழியர் அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போவார். இரண்டு மாதம் மாத்திரை தின்றதும் இருமல் நின்றுவிடும். நோய் போய்விட்டது என்று ஜனங்கள் மருந்தை நிறுத்திவிடுவார்கள். அவர்களைத் திரும்ப இழுத்து வந்தது அந்தப் பட்டியல்தான்.

புரோகிராமைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மெஷினுக்குள் தனித்தனி டைரக்டரியில் வைத்து, புதிதாக வந்திருக்கும் பரசுராமனுக்கும் புரியும்படி செய்யச் சொன்னார் டாக்டர். நியாயமான பேச்சுதான். ஆனால் போன வாரம் அறக்கட்டளைச் செயலாளர் போனில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. “ஒரு மெஷினுக்கு ரெண்டு பேரு எதுக்கு? அந்தப் பையன் கத்துக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.” கீழ்பென்னாத்தூரில் அம்மாவும் படிக்கிற தம்பியும் அவள் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். அவளுக்கு வயது இருபத்தெட்டு. பெண் பார்க்க வருகிறவர்களும் கம்மியாகிவிட்டார்கள்.

இருந்தும் அவள் வேலையை ஒழுங்காகவே செய்தாள். நோயாளிகளைப் பதிவு செய்வது ஒரு டைரக்டரி, மருந்துக் கணக்கு ஒன்று, அச்சடிப்பது ஒன்று. பிரிக்கப் பிரிக்க அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் இப்படியொரு குப்பையிலா கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தோம்? பரசுராமன் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டான். “இப்ப நல்லா புரியுது மேடம்” என்றான். அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் செயலாளர் போனில் பேசியது அவள் காதில் திரும்பக் கேட்டது.

கடைசித் துண்டு, வராதவர்களைக் கண்டுபிடிக்கும் துண்டு. அதை மட்டும் அவள் டைரக்டரியில் வைக்கவில்லை. ஒரு ஃப்ளாப்பியில் போட்டுத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் யாரும் வருமுன் மெஷினில் செருகுவாள். பட்டியல் வந்ததும் எடுத்துவிடுவாள். ஃப்ளாப்பி இல்லாவிட்டால் மெஷின் தப்பு என்று கத்தும், அது காட்டிக்கொடுத்துவிடும் என்று இரண்டு வரி கூடுதலாக எழுதினாள். அந்தத் துண்டு கிடைக்காவிட்டால் அதைத் தாண்டிப் போ, பெயருக்குப் பதில் ‘இல்லை’ என்று அச்சடி.

ஆகஸ்டில் அம்மாவுக்கு வேலூரில் ஆபரேஷன். நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று போனவளுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் திங்கட்கிழமை வந்தபோதெல்லாம் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது?

திரும்பி வந்த அன்று, பரசுராமன் அச்சடித்த மூன்று தாள்கள் டாக்டர் அறைச் சுவரில் குத்தியிருந்தன. வராதவர்கள்: இல்லை. வராதவர்கள்: இல்லை. மூன்றாவதில் டாக்டர் பச்சை மையில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தார்.

ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் ஃப்ளாப்பியைச் செருகிப் பட்டியல் எடுத்தாள். பதினோரு பெயர்கள் வந்தன.

“யோவ், இன்னாய்யா பண்ணி வெச்ச?” என்று, பட்டியலைப் பார்த்த டாக்டர் பரசுராமனைப் பிடித்துக்கொண்டார். அவன் முகம் வெளுத்துவிட்டது. “தெரியல சார். எதையோ அழிச்சிட்டேன் போல.” செயலாளருக்கு எழுதப் போவதாகச் சொன்னார் டாக்டர். சந்திரகலா அச்சுத்தாளை மெஷினிலிருந்து கிழித்தெடுப்பதிலேயே கவனமாக இருந்தாள். பதினோரு வீட்டுக்கும் ஊழியர் ஒருவரே போக முடியாதென்று, முதல் பெயரைத் தானே பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினாள்.

வேடியப்பன், அடி அண்ணாமலை கிராமம். வீட்டுக்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் மனைவி ஆராயி, கட்டிலடியில் இருந்த எச்சில் சட்டியைக் காலால் உள்ளே தள்ளினாள். அதற்குள் சந்திரகலா பார்த்துவிட்டாள். சாம்பல்மேல் ரத்தம்.

“போன தபா நிறுத்துனப்ப சைக்கிள்காரரு வந்து கத்துனாரு. அதுக்கு பயந்துனே துன்னாரு. இந்த தபா யாருமே வர்ல. இனிமே மாத்திர வேணாம் போலன்னு உட்டுட்டோம்” என்றாள் ஆராயி. குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். “ஜாஸ்தி ஆயிடுச்சாம்மா? இன்னும் மாத்திர கேக்குமா?”

“கேக்கும்மா. இப்பவே வண்டி வெச்சிக் கூட்டினு வந்துருங்க” என்றாள் சந்திரகலா. வேடியப்பன் திரும்பவே இல்லை.

மருந்தகத்துக்கு வந்ததும் நேரே மெஷினுக்குப் போனாள். நான்காவதாக ஒரு டைரக்டரி உண்டாக்கி, ஃப்ளாப்பியில் இருந்ததை அதில் ஏற்றினாள். வேலை போனதாகவே நினைத்து மேசையைக் காலி செய்துகொண்டிருந்த பரசுராமன் அவள் பின்னால் வந்து நின்றான். திரையில் ஃபைலின் பெயர், பக்கத்தில் அது எழுதப்பட்ட தேதி. ஏற்றியது இன்று, தேதி நாலு மாதத்துக்கு முந்தையது.

“இது எங்க மேடம் இருந்துச்சி?”

“என் பையில.”

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் தன் நோட்டைப் பிரித்து, கடைசிப் பக்கத்தில், அவள் சொல்லித்தராத துண்டுக்காக வெறுமையாக விட்டிருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். “மூணு நாளா தூங்கல மேடம்... இல்ல, இன்னிக்கிதான் தெரிஞ்சிது. எனக்கு மூணு நாளு மாதிரி இருக்குது” என்று உளறினான்.

அவள் எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள். உள்ளே நோயாளி இருந்தார். வெளியே பெஞ்சில் ஆறேழு பேர். ஊழியர்கள் வரிசையில் நிற்கிற வழக்கம் இல்லை. அவள் கடைசியில் போய் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அவளுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். கதவின் பச்சைத் திரை காற்றில் எழும்பியபோதெல்லாம், அதற்கடியில் டாக்டரின் செருப்பு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.